ஸ்பெயினில் எந்த மலைக்கிராமத்தில் தங்குவது? கப்பிலெய்ரா, தோர்லா, புல்னெஸ், லா அல்பெர்க்கா: ஓர் ஒப்பீடு

ஸ்பெயினுக்கு வரும் நண்பர்கள் பெரும்பாலும் ஒரே திட்டத்தோடு வருகிறார்கள். மாட்ரிட்டில் மூன்று நாள், பார்சிலோனாவில் மூன்று நாள், இடையில் நான்கைந்து நாள் ஏதாவது ஒரு மலைக்கிராமத்தில். நன்றாக நடக்க வேண்டும், பழைய ஊர் ஒன்றில் தங்க வேண்டும், அவ்வளவுதான் ஆசை. எந்த ஊர் என்று கேட்டால் கைப்பேசியில் சேமித்து வைத்த ஒரு படத்தை நீட்டுவார்கள். படத்தில் எல்லா ஊரும் அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பிரான்சு எல்லையில் நிற்கும் பிரனீஸ் மலைக்கும், வடக்குக் கடலோரத்துப் பிக்கோஸ் தே எவுரோப்பாவுக்கும், தெற்கே வானம் தெளிந்த நாளில் ஆப்பிரிக்கக் கரையே கண்ணில் படும் சியெர்ரா நெவாடாவுக்கும் மழை வேறு, வீடு வேறு, சாப்பாடு வேறு. ஐந்து நாளில் இவற்றில் இரண்டைப் பார்க்க முயன்றால் பாதி விடுமுறை சாலையில் கழிந்துவிடும்.

நான் தங்கி, நடந்து பார்த்த நான்கு ஊர்களை இங்கே ஒப்பிடுகிறேன். என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: முதல் முறை வருகிறவர்கள் தெற்கே கப்பிலெய்ராவுக்குப் போகட்டும். மலையேற்றம் ஒன்றுக்காகவே வருகிறவர்கள் மட்டும் தோர்லாவை எடுத்துக்கொள்ளலாம். மற்ற இரண்டும் நல்ல ஊர்களே. ஆனால் அவற்றுக்கென்று தனி மனநிலை வேண்டும்.

தோர்லாவிலிருந்து தொடங்குவதே நியாயம். மலை என்று மட்டும் பார்த்தால் இந்த நான்கில் அதற்கு நிகர் இல்லை. அரகோன் மாநிலத்தின் வடக்கில், பிரனீஸ் மலையில், சுமார் ஆயிரம் மீட்டர் உயரத்தில் இருக்கும் சின்ன ஊர் அது. தேவாலயக் கோபுரத்துக்குப் பின்னால் மொந்தர்ருயேகோ பாறைச்சுவர் வானத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அதைச் சுற்றிப் போனால் ஓர்தேசா பள்ளத்தாக்கு. 1918 ஆகஸ்டில் இதைத் தேசியப் பூங்காவாக அறிவித்தார்கள். அதற்குச் சில வாரங்கள் முன்புதான், அதே ஆண்டு ஜூலையில், ஸ்பெயினின் முதல் தேசியப் பூங்கா அஸ்தூரியாஸின் கொவதோங்காவில் உருவானது. இரண்டுக்கும் பின்னால் இருந்தவர் பேத்ரோ பிதால் என்ற பிரபு. அவர் பெயர் கீழே இன்னொரு முறை வரும்.

ஓர்தேசாவில் செய்ய வேண்டிய நடை ஒன்றுதான், அது குதிரைவால் அருவி வரைக்கும் போய்வருவது. கோடையில் சொந்தக் காரை உள்ளே விட மாட்டார்கள். தோர்லாவிலிருந்து பூங்கா பஸ்ஸில் ஏறிப் புல்வெளி வரைக்கும் போய், அங்கிருந்து நடக்க வேண்டும். போய்வர 17 கிலோமீட்டருக்குச் சற்று அதிகம், ஆறேழு மணி நேரம் ஆகும். ஏற்றம் கடுமையானதல்ல; பத்து வயதுப் பிள்ளைகளும் நடக்கிறார்கள். முதல் பாதி முழுக்கப் பீச் மரக்காடு, பழம் தரும் பீச் அல்ல. வலப்பக்கம் அராசாஸ் ஆறு இரைந்துகொண்டே கூட வரும். காடு முடிந்ததும் ஆறு படிப்படியாக இறங்கும் சோவாசோ படிக்கட்டு அருவிகள். அதையும் தாண்டி ஏறினால் பள்ளத்தாக்கு திடீரென்று அகன்று, பனியாறு குடைந்த பெரிய தொட்டில் போல விரியும். அதன் கடைசியில் அருவி, மேலே 3,300 மீட்டரைத் தாண்டும் மோந்தே பெர்தீதோ. அந்த இடத்தில் உட்கார்ந்து ரொட்டி தின்ற மதியத்தை நான் மறக்கப்போவதில்லை.

இந்தப் பள்ளத்தாக்கில் ஒரு துக்கமும் இருக்கிறது. புகார்தோ என்ற பிரனீஸ் காட்டாட்டு இனத்தின் கடைசிப் பெட்டை ஆடு, செலியா என்று பெயரிட்டிருந்தார்கள், 2000 ஜனவரியில் இங்கேதான் மரம் விழுந்து இறந்தது. சேமித்து வைத்த அதன் செல்களிலிருந்து 2003இல் ஒரு குட்டியைப் பிறக்கச் செய்தார்கள். அது சில நிமிடங்கள்தான் உயிரோடு இருந்தது. அப்படியாக ஒரே இனம் இரண்டு முறை அழிந்தது. பீச் காட்டில் நடக்கும்போது இது மனதில் இருந்தால், "பாதையை விட்டு விலகாதீர்கள்" என்ற பலகையை நாம் வேறு விதமாகப் படிப்போம்.

சரி, ஊர்? தோர்லாவின் கல்வீடுகளும், வட்டமான பெரிய புகைபோக்கிகளும், சூனியக்காரிகள் உள்ளே இறங்காமல் இருக்க அவற்றின் உச்சியில் வைத்த கற்களும் பார்க்கத் தக்கவை. ஆனால் காலையில் எல்லோரும் பஸ் ஏறிவிடுகிறார்கள், மாலையில் களைத்துத் திரும்புகிறார்கள். ஊர் மலைக்குத் திண்ணை மாதிரிதான்; உட்கார்ந்து செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிடுவோம். அங்கத்திய வாழ்க்கை உங்களைத் தேடி வராது. நீங்கள்தான் ஒரு நாள் நடையை விட்டுவிட்டு, ஆரா ஆற்றோடு தெற்கே இறங்கி ஹானோவாஸ் என்ற ஊரில் நிற்க வேண்டும். அணை கட்டப்போகிறோம் என்று 1960களில் அந்த ஊர் மக்களை வெளியேற்றி, காலியான வீடுகளை வெடிவைத்துத் தகர்த்தார்கள். கடைசிக் குடும்பம் 1984 வரைக்கும் தாக்குப்பிடித்தது. அணை கட்டப்படவே இல்லை. இன்று அந்த வீட்டுக்காரர்களும் அவர்கள் பிள்ளைகளும் ஒவ்வொரு வீடாகத் திரும்பக் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். கூரையில்லாத சுவர்களுக்கு நடுவே புதிதாகப் பூசிய ஒரு வீடும், அதன் சன்னலில் பூந்தொட்டியும் இருப்பதைப் பார்த்தபோது எனக்குப் பேச்சு வரவில்லை.

இனி கப்பிலெய்ரா. கிரனாடா நகரத்துக்குத் தென்கிழக்கே, சியெர்ரா நெவாடாவின் தெற்குச் சரிவுக்கு அல்புஹாரா என்று பெயர். அதில் போக்கெய்ரா என்னும் ஆழமான பள்ளத்தாக்கில் மூன்று வெள்ளை ஊர்கள் ஒன்றன் மேல் ஒன்றாகத் தொற்றிக்கொண்டிருக்கின்றன: கீழே பம்பனெய்ரா, நடுவில் புபியோன், மேலே 1,436 மீட்டரில் கப்பிலெய்ரா. மூன்றையும் பழைய ஒற்றையடிப் பாதைகள் இணைக்கின்றன; அரை நாளில் நடந்துவிடலாம்.

முதல் மாலையில் வேறு எங்கும் போகாமல் கூரைகளைப் பாருங்கள். ஸ்பெயினில் பெரும்பாலும் ஓட்டுக் கூரை. இங்கே தட்டைக் கூரை, மொரோக்கோவின் அட்லஸ் மலை ஊர்களைப் போல. கஷ்கொட்டை மர உத்திரங்கள், அவற்றின் மேல் பலகைக் கற்கள், அதற்கும் மேல் லாவுனா என்ற நீலம் கலந்த சாம்பல்நிறக் களிமண். ஈரம் பட்டால் அது இறுகித் தண்ணீரை உள்ளே விடாது. லாவுனாவைத் தேய்பிறையில்தான் பரப்ப வேண்டும், வளர்பிறையில் பரப்பினால் ஒழுகும் என்பது அங்கே பழைய நம்பிக்கை. ஒரு வீட்டின் அறை தெருவுக்கு மேலே நீண்டு எதிர்வீட்டைத் தொடும் இடங்களுக்குத் தினாவோ என்று பெயர். வெயிலிலும் பனியிலும் அதனடியில் ஒதுங்கிக்கொள்ளலாம். கிழவிகள் நாற்காலி போட்டு உட்கார்ந்திருப்பதும், ஹராப்பா எனப்படும் கந்தல்துணிக் கம்பளங்கள் தொங்குவதும் அங்கேதான்.

இந்த வீடுகள் ஏன் ஆப்பிரிக்காவை நினைவூட்டுகின்றன என்றால், கட்டும் முறை அங்கிருந்து வந்தது. 1492இல் கிரனாடாவின் முஸ்லிம் அரசு கிறிஸ்தவ மன்னர்களிடம் வீழ்ந்த பிறகும் முஸ்லிம்கள் இந்தச் சரிவுகளில் வாழ்ந்தார்கள். கட்டாய மதமாற்றத்துக்கும் மொழித் தடைக்கும் எதிராக 1568 கிறிஸ்துமஸ் சமயத்தில் கிளர்ச்சி வெடித்தது. 1571க்குள் அதை அடக்கி, அவர்களை வெளியேற்றி, வடக்கிலிருந்து ஆட்களைக் கொண்டுவந்து குடியமர்த்தினார்கள். வந்தவர்களுக்கு இந்த மலையில் தண்ணீர் பாய்ச்சத் தெரியாது என்பதால் ஊருக்கு இரண்டு குடும்பங்களை மட்டும் விட்டுவைத்தார்கள் என்று இன்றும் அங்கே சொல்வார்கள்.

கப்பிலெய்ராவை நான் முதலில் வைப்பதற்குக் காரணம் அந்தத் தண்ணீர்தான். அங்கே வாய்க்காலுக்கு அசேக்கியா என்று பெயர். அரபுச் சொல்லிலிருந்து வந்தது. பனி உருகும் மாதங்களில் ஆற்றின் தலைப்பிலிருந்து நீரைத் திருப்பி, மலையின் இடுப்பைச் சுற்றிக் கிலோமீட்டர் கணக்கில் கொண்டுபோகிறார்கள். அதில் ஒரு வகை, கரேயோ வாய்க்கால், எந்த வயலுக்கும் போவதில்லை. நீர் நன்றாக இறங்கும் பாறைப் பகுதிகளில் அதை வேண்டுமென்றே வழியவிட்டு மலைக்குள் உறிஞ்ச வைக்கிறார்கள். அந்த நீர் மெல்ல இறங்கி, வாரங்களோ மாதங்களோ கழித்து, வயல்கள் வாடும் கோடையில் கீழே ஊற்றாகக் கிளம்புகிறது. மலையையே ஏரியாக்கி வைத்திருக்கிறார்கள், கரை கட்டாமல். மடை திறப்பதற்கும் அடைப்பதற்கும் வாய்க்கால்காரர் இருக்கிறார். யாருக்கு எப்போது முறை என்பது ஊரில் எல்லோருக்கும் தெரியும். ஆள் குறைந்து தூர்ந்துபோன பல வாய்க்கால்களைக் கிரனாடா பல்கலைக்கழகத்தாரும் தன்னார்வலர்களும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து மண்வெட்டி பிடித்து மீட்டிருக்கிறார்கள்.

நடைபாதைகள் பலவும் இந்த வாய்க்கால்களை ஒட்டியே போகின்றன. அதனால் இங்கே நடையையும் பண்பாட்டையும் தனித்தனி நாளில் பார்க்க வேண்டியதில்லை. கப்பிலெய்ராவிலிருந்து ஆற்றோடு மேலேறி, மின்நிலையத் தொழிலாளர்களுக்காகக் கட்டிக் கைவிடப்பட்ட லா செபதீயா குடியிருப்பைத் தொட்டு, எதிர்க்கரை வழியாகத் திரும்பும் வட்டநடை நான்கு மணி நேரம் பிடிக்கும். வழியில் கதிரடித்த வட்டக் களங்கள், கஷ்கொட்டை மரங்கள், நீங்கள் தாண்டிப் போகும் மடைகள். ஒரு மடையில் பலகைக்குப் பதில் ஒரு கல்லும், அதன் இடுக்கில் பிடிமண்ணோடு பிடுங்கிய புல்லும் வைத்து அடைத்திருந்தார்கள். சிறு வயதில் வயலில் நாங்கள் அடைத்த அதே விதம். வெகுநேரம் அதன் அருகிலேயே நின்றேன்.

உயரம் வேண்டுமென்றாலும் குறை இல்லை. ஐபீரியத் தீபகற்பத்திலேயே உயரமான முலாசேன், 3,479 மீட்டர், இந்த ஊருக்கு மேலேதான் இருக்கிறது. கிரனாடாவின் கடைசிச் சுல்தான்களில் ஒருவரான முலே ஹாசேன் பெயரே அந்தச் சிகரத்துக்கு. அவரை உச்சியில் புதைத்ததாகக் கதை. கோடையில் கப்பிலெய்ராவிலிருந்து பூங்கா பஸ் சுமார் 2,700 மீட்டர் வரைக்கும் கொண்டுவிடும். அங்கிருந்து நல்ல கால்கள் உள்ளவர்கள் மூன்று நான்கு மணி நேரத்தில் உச்சியைத் தொடலாம். ஜூன் தொடக்கம் வரைக்கும் மேலே பனி கிடக்கும். பனியில் நடந்து பழகாதவர்கள் ஜூலைக்கு முன் முயல வேண்டாம். ஓர்தேசாவின் செங்குத்துப் பிரம்மாண்டத்தை இங்கே எதிர்பார்க்காதீர்கள். முலாசேன் உருண்டு திரண்ட மலை. ஏறும்போது அழகைவிட மூச்சுதான் நினைவில் இருக்கும்.

அடுத்து புல்னெஸ், வடக்குக் கடலோரத்து அஸ்தூரியாஸ் மாநிலத்தில். அஸ்தூரியாஸைப் பற்றிச் சொல்லும்போது மழையை முதலில் சொல்ல வேண்டும். பிக்கோஸ் தே எவுரோப்பா கடலிலிருந்து இருபது கிலோமீட்டர் தொலைவில் எழும் சுண்ணாம்புமலை. ஓர்பாயு என்ற மெல்லிய தூறல் எந்த மாதத்திலும் வரலாம். மூடுபனி விழுந்தால் எதிரே உள்ள சிகரமே தெரியாது. கையில் நான்கு நாள்தான் இருக்கிறது என்றால் இந்தச் சூதாட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஆனால் வானம் திறந்துவிட்டால்! புல்னெஸ் என்ற ஊருக்கு இன்றும் கார்ச் சாலை கிடையாது. பொன்செபோஸிலிருந்து ஒன்றரை மணி நேரம் மலையிடுக்கில் ஏற வேண்டும், அல்லது 2001இல் மலைக்குள் குடைந்து ஓடவிட்ட இழுவை ரயிலில் ஏழு நிமிடத்தில் போகலாம். போகும்போது நடந்து, வரும்போது ரயிலில் வாருங்கள். அங்கிருந்து தெரியும் உர்ரியேயு சிகரத்தை 1904 ஆகஸ்டில் முதன்முதலில் ஏறியவர்கள் இருவர்: ஒருவர் நான் முன்பு சொன்ன பேத்ரோ பிதால், இன்னொருவர் காயின் என்ற ஊரின் மேய்ப்பர் கிரெகோரியோ பேரெஸ். பாறையில் முன்னால் போனவர் மேய்ப்பர்தான்.

பொன்செபோஸிலிருந்து காயின் வரைக்கும் செல்லும் காரெஸ் பாதை ஒரு வழி 11, 12 கிலோமீட்டர். நீர்மின் கால்வாயைப் பராமரிக்கப் பாறையில் வெட்டிய வழி அது. பல இடங்களில் கைப்பிடி இல்லை, கீழே ஆறு வெகு ஆழத்தில். தலைசுற்றல் உள்ளவர்களும் துள்ளும் பிள்ளைகளோடு வருகிறவர்களும் தவிர்க்கட்டும். மாலையில் அரேனாஸ் தே கப்ராலெஸில் தங்கிக் கப்ராலெஸ் பாலாடைக்கட்டி முதிரும் குகையைப் பாருங்கள். பிறகு ஒரு சித்ரா விடுதியில் உட்காருங்கள். ஆப்பிள் மதுவைத் தலைக்கு மேல் உயர்த்திய போத்தலிலிருந்து இடுப்பருகே பிடித்த கோப்பையின் விளிம்பில் விழும்படி ஊற்றுவார்கள். ஒரு மடக்கு அளவுதான் ஊற்றுவார்கள். அதை உடனே குடித்துவிட வேண்டும்.

லா அல்பெர்க்கா இதற்கெல்லாம் வேறு ரகம். சலமான்காவுக்குத் தெற்கே இருக்கும் இந்த ஊருக்கு 1940இலேயே வரலாற்றுச் சின்னத் தகுதி கிடைத்தது. ஸ்பெயினில் அதைப் பெற்ற முதல் கிராமம் இதுதான். மரச்சட்டமும் கல்லும் கலந்த வீடுகள் மாடிக்கு மாடி தெருவை நோக்கிச் சாய்ந்து வரும். ஜூன் 13 அன்று ஆசீர்வதித்து விடப்படும் பன்றி ஒன்று தெருவெல்லாம் சுற்றும். யார் வீட்டு வாசலிலும் அதற்குச் சாப்பாடு உண்டு. ஜனவரி 17 அன்று சீட்டுக் குலுக்கி யாருக்காவது கொடுத்துவிடுவார்கள். பொழுது சாயும் நேரம் ஒரு பெண் கைமணி அடித்து, இறந்தவர்களுக்காக வேண்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போகிறாள். அந்த வழக்கம் நின்றதில்லை. பக்கத்து ஊர் மொகர்ராஸில் 1967இல் அடையாள அட்டைக்காக எடுத்த படங்களைப் பார்த்து, அந்த ஊர்க்காரரான ஓவியர் புளோரென்சியோ மாயீயோ வரைந்த முகங்கள் 2012 முதல் அவரவர் வீட்டுச் சுவரிலேயே தொங்குகின்றன. நூற்றுக்கணக்கான முகங்கள், பலருடைய வீடு பூட்டிக் கிடக்கிறது. நடை இங்கே மென்மையானது, கஷ்கொட்டைக் காடும் ஓடையும்தான். பெற்றோரை அழைத்து வருகிறவர்களுக்கு நான்கில் இதுவே ஏற்ற ஊர்.

போக்குவரத்து முடிவை மாற்றிவிடும் விஷயம். கார் ஓட்டாதவர்களுக்குக் கப்பிலெய்ராதான் எளிது: மாட்ரிட்டிலிருந்து அதிவேக ரயிலில் கிரனாடா, அங்கிருந்து இரண்டரை மணி நேர பஸ் ஊர் வாசலிலேயே இறக்கிவிடும். அஸ்தூரியாஸுக்கு 2023 நவம்பரில் புதிய மலைச் சுரங்க ரயில்பாதை திறந்தபின் மாட்ரிட்டிலிருந்து ஓவியேதோ மூன்று மணி நேரச் சொச்சமாகிவிட்டது. ஆனால் அங்கிருந்து மலைக்குள் போகக் கார் இருந்தால்தான் நிம்மதி. தோர்லாவுக்கும் லா அல்பெர்க்காவுக்கும் பஸ்கள் மிகக் குறைவு, காரோடு போவதே நல்லது.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. மலை ஊர் ஒன்றில் இறைச்சி வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் கொண்டைக்கடலைக் குழம்பு கேட்டேன். பன்றித்தொடைத் துண்டுகள் மிதக்க வந்தது. "இது இறைச்சி இல்லையே, ஹமோன்தானே" என்று அந்த அம்மா உண்மையிலேயே குழம்பிப்போனார். "சின் கார்னே, சின் ஹமோன்" (இறைச்சி இல்லாமல், ஹமோன் இல்லாமல்) என்று இரண்டையும் சேர்த்துச் சொல்லுங்கள். அல்புஹாராவில் எண்ணெயில் மெல்ல வேகவைத்த உருளைக்கிழங்கு, மிளகாய், முட்டை எங்கும் கிடைக்கும். அஸ்தூரியாஸில் மக்காச்சோள அடையும் பாலாடைக்கட்டியும். மதியச் சாப்பாடு இரண்டு மணிக்கு முன்பும் இரவுச் சாப்பாடு எட்டரைக்கு முன்பும் கிடைப்பது அரிது. நடக்கும் நாளுக்கான ரொட்டியையும் பழத்தையும் முதல் நாள் மாலையே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். பிற்பகலில் கடைகள் மூடிக்கிடக்கும்.

காலம் என்று பார்த்தால், தோர்லாவுக்கு அக்டோபர் பிற்பாதி. பீச் காடு செம்பொன்னாக மாறியிருக்கும், கூட்டமும் கலைந்திருக்கும். பிக்கோஸுக்கு ஜூன் முதல் செப்டம்பர் வரைக்கும். லா அல்பெர்க்காவுக்குக் கஷ்கொட்டை உதிரும் நவம்பர் தொடக்கம்.

கப்பிலெய்ராவுக்கு மே கடைசி வாரம் போங்கள். பனி உருகி எல்லா வாய்க்கால்களும் நிரம்பி ஓடும் நேரம் அது. நான்கு இரவுகளையும் அதே ஊரில் வையுங்கள். அறை எடுக்கும்போது தெருப்பக்கம் வேண்டாம், பள்ளத்தாக்குப் பக்கம் சன்னல் உள்ள அறை வேண்டும் என்று கேட்டு வாங்குங்கள். இரவு விளக்கை அணைத்தபின் தண்ணீர் போகும் சத்தம் கேட்கும்.